காவிரிக்கு அக்கரையில் ஒரு தறிக் குடும்பம்: அரிசிப் பையில் தொடங்கிய உதவியில் நடந்தது என்ன?

ஈரோட்டில் உள்ள எங்கள் சபையின் உதவிப் பணிக் குழு, 2024 ஆகஸ்டு முதல் 2025 ஆகஸ்டு வரை ஒரு குடும்பத்தோடு பழகிய விவரம் இது. குழுவின் கணக்கையும் பெயர் நோட்டையும் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் நான் எழுதுகிறேன். கணவன், மனைவி இருவருக்கும் இதை வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகே வெளியே தருகிறோம். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். மாதாமாதம் பை கொடுக்கும் சபைகள் கொங்கு நாட்டில் நிறைய இருக்கின்றன. நாங்கள் இடறிய இடங்களை மறைக்காமல் எழுதியிருப்பது அவர்களுக்காகத்தான்.

பின்னணி

லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் 1830-ல் கோயம்புத்தூருக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்துச் சபைகளுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்திப் பழக்கம். தேடி வருகிறவர்களுக்குச் செய்வது எங்களுக்குக் கைவந்த வேலை. தேடிப் போவதில் அவ்வளவு பழக்கம் இல்லை.

எங்கள் குழுவுக்கு மூலதனம் கைப்பிடி அரிசி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். என் பாட்டி காலத்திலேயே இருந்த வழக்கம். அதோடு, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கும் சேரும். இதை வைத்து மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் 40 குடும்பங்களுக்குப் பை கொடுத்துவந்தோம். 10 கிலோ பொன்னி அரிசி, 1 கிலோ துவரம்பருப்பு, அரை லிட்டர் எண்ணெய், டீத்தூள், சோப்பு. கூடவே நற்செய்தி அச்சிட்ட ஒரு துண்டுப் பிரதி. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பை கட்டுவார்கள், வாலிபர்கள் எடுத்துக் கொடுப்பார்கள், யாராவது ஒருவர் போட்டோ எடுப்பார். நான் நோட்டில் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவேன்.

இந்தக் குடும்பம் எங்களுக்குப் பழக்கமானது வெள்ளத்தில். 2024 ஜூலை 30-ம் தேதி மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. அதன் பிறகு திறந்துவிட்ட தண்ணீர் பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆற்றோரத்து வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கவைத்தார்கள். எங்கள் வாலிபர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் சாப்பாடு கொண்டுபோனார்கள். அங்கேதான் அந்தப் பெண்ணின் பெயரை நோட்டில் எழுதினோம்.

குடும்பம்

கணவருக்கு 38 வயது, மனைவிக்கு 31. ஒன்பது வயதில் ஒரு பெண், நான்கு வயதில் ஒரு பையன். சேலம் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். இருவருக்கும் ஒரே தறிப்பட்டறையில் வேலை. அவர் ராத்திரி ஷிப்ட், அந்தம்மா பகல் ஷிப்ட், ஆளுக்கு 12 மணி நேரம். வேலைக்குச் சேரும்போது தறி ஓனரிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார்கள். அது மூத்த பெண்ணின் காது குத்துக்கும் ஊரில் இருந்த பழைய கடனுக்கும் போய்விட்டது. வாரக் கூலியில் பிடித்தம் போக மீதிதான் கைக்கு வரும். அதில்தான் மகளிர் குழு லோனுக்கு வாரத் தவணையும் கட்ட வேண்டும்.

பட்டறையை ஒட்டிய லைன் வீட்டில் ஒரே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் பகலில் அவர் தூங்குவார், ராத்திரி மற்ற மூன்று பேரும் தூங்குவார்கள்.

முதல் நான்கு மாதம்: பார்த்தோம், ஆனால் கவனிக்கவில்லை

வெள்ளத்தின்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் இருமிக்கொண்டிருந்ததை எங்கள் பையன்கள் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். மழையில் நனைந்ததால் வந்த இருமல் என்று நினைத்து, விக்ஸ் டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஹாலில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று நான்கு மாதம் அந்தம்மா பஸ் ஏறிப் பாலம் கடந்து வந்து பை வாங்கிக்கொண்டு போனார். நோட்டில் நான்கு டிக் இருக்கிறது. "வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார்?" என்று அக்டோபரில் நான் கேட்டேன். "சளி புடிச்சுக்கிட்டு உட மாட்டேங்குதுங்க. பஞ்சுத் தூசிக்கு எல்லார்த்துக்கும் இருக்கறதுதானுங்க" என்றார். வரிசையில் பின்னால் ஆள் நின்றதால் நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டேன்.

எங்கள் சபையில் ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்த விஷயம். ஆனால் பை கொடுக்கும் நேரத்தில் அவர் பாடகர் குழுவில் இருந்தார். அந்த வரிசைப் பக்கமே அவரை நாங்கள் கூப்பிட்டதில்லை. பை கட்டுவதற்கு நர்ஸ் எதற்கு என்று இருந்துவிட்டோம்.

பை வாங்க வராத இரண்டு மாதம்

டிசம்பர் பை பெரிய பை. கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலையும் பலகாரமும் சேர்ந்திருக்கும். அதற்கு அந்தம்மா வரவில்லை. ஜனவரியிலும் வரவில்லை. நோட்டில் இரண்டு முறை "வரவில்லை" என்று எழுதினேன். ஜனவரிப் பையை, காத்திருப்போர் பட்டியலில் இருந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. நவம்பரில் எடுத்த போட்டோ ஒன்றில் அவர் பையைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறார், முகம் தெளிவாகத் தெரிகிறது. அது முதலில் சபை வாட்ஸ்அப் குழுவில் போனது. டிசம்பரில் ஆலய வாசலில் வைத்த கிறிஸ்துமஸ் ஃப்ளெக்ஸில் இரண்டடி உயரத்துக்கு வந்துவிட்டது. அந்த வழியாகப் போன அவருடைய நாத்தனார் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். "பிச்சை எடுக்கிற அளவுக்கு வந்துட்டாங்களா" என்று ஒரு பேச்சு, பைக்குள் இருந்த துண்டுப் பிரதியைப் பார்த்து "மதம் மாறப் போறாங்க" என்று இன்னொரு பேச்சு. கணவர், "இனி அந்தப் பக்கம் போகாதே" என்று சொல்லிவிட்டார்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஞாயிறு பள்ளியிலேயே படித்தவர்கள் நாங்கள். காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டத்தான் போட்டோ எடுத்தோம், வேறு எண்ணம் இல்லை. ஆனாலும் ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரி 2025: வீட்டில் பார்த்தது

ஆண்டுக் கணக்கு முடிப்பதற்காக நோட்டைப் புரட்டியபோது அந்த இரண்டு "வரவில்லை" கண்ணில் பட்டது. கிறிஸ்துமஸ் பைக்கு யாரும் வராமல் இருக்க மாட்டார்கள். குழுக் கூட்டத்தில் சொன்னேன். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை, நர்ஸ் அக்காவும் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் சபை அண்ணன் ஒருவரும் நானும் கிளம்பினோம். வெறுங்கையோடு போகலாம் என்று சொன்னது கண்டக்டர் அண்ணன். "பையோட போனா பைக்குத்தான் கதவு தொறப்பாங்க" என்றார்.

காலை பதினொரு மணி. அந்தம்மா தறியில் நின்றார். கணவர் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். சட்டை இல்லாத உடம்பில் விலா எலும்பை எண்ணலாம். தலைமாட்டில் ஒரு பழைய எண்ணெய் டின், பாதி அடுப்புச் சாம்பல். துப்புவதற்கு. நர்ஸ் அக்கா அந்த டின்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மூடியிருந்த ஜன்னலைப் போய்த் திறந்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்க ஆரம்பித்தார். இருமல் ஆறு மாதத்துக்கு மேல். சாயந்திரம் காய்ச்சல். ராத்திரி வேர்த்துப் பனியன் நனைகிறது. பசி இல்லை. எடை எவ்வளவு குறைந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அரைஞாண் கயிற்றை இரண்டு தடவை இறுக்கிக் கட்டியதாகச் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்துக்கு அந்தம்மா ஓடி வந்தார். அப்போதுதான் எங்கள் பொன்னி அரிசி எங்கே போனது என்று தெரிந்தது. "ரேசன் அரிசி இருக்குதுங்கம்மா, அதே எங்களுக்குப் போதும். நீங்க குடுத்த அரிசிய முக்கு இட்லிக் கடைல குடுத்துட்டு, மருந்துக் கடைல இவருக்கு டானிக் வாங்குனேனுங்க. தப்புங்களா?" என்று கேட்டார்.

தப்பு என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். 2020 அக்டோபர் முதல் எந்த ஊர்க் கார்டாக இருந்தாலும் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். அந்த வீட்டில் அரிசி இருந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வர வழி மட்டும் இல்லை. எங்கள் அரிசியை அவர் இருமல் மருந்தாக மாற்றியிருந்தார். நாங்கள் ஆறு மாதம் கேட்காத கேள்விக்கு அவராகக் கண்டுபிடித்த பதில் அது.

எடுத்த முடிவுகள்

திங்கட்கிழமை கண்டக்டர் அண்ணன் கணவரை ஈரோட்டில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சளிப் பரிசோதனையிலேயே காசநோய் உறுதியானது. காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்றும் தெரிந்தது. அது பெரிய ஆறுதல். எடை 39 கிலோ. சர்க்கரை, எச்ஐவி இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள், இரண்டும் இல்லை. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்றெல்லாம் பார்த்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தேவையில்லை என்றார்கள். அவர் குடியிருப்பது ஆற்றுக்கு அக்கரை, அதாவது நாமக்கல் மாவட்டம். அதனால் பதிவை அங்கே மாற்றிக்கொண்டு, பிப்ரவரி 17-ல் மருந்து தொடங்கியது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் சேர்ந்தது. அவர் எடைக்குத் தினமும் மூன்று மாத்திரை, எல்லாம் இலவசம்.

அதே வாரம் சபைக் கமிட்டி கூடியது. அங்கே வந்த கேள்விகள் எந்தச் சபையிலும் வரும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எழுந்தது பெருந்துறைப் பேச்சு. இந்தப் பக்கத்தில் வயதானவர்களுக்குக் காசநோய் என்றால், நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்த பெருந்துறை சானடோரியம்தான். இப்போது அது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஆனால் இடத்தின் பெயர் பஸ் ஸ்டாப்பில் இன்னும் சானடோரியம். "அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஒட்டாதே" என்று ஒரு பெரியவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நர்ஸ் அக்கா பதில் சொன்னார். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் இதைத்தான் சோதித்துப் பார்த்தது. சானடோரியத்தில் வைத்துப் பார்த்தவர்களும், நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். உலகமே சானடோரியங்களை மூடியதற்கு நம் ஊர் ஆய்வு ஒரு காரணம் என்று அவர் சொன்னபோது கமிட்டி அமைதியாகிவிட்டது.

"இவர்கள் நம் சபையா?" என்று அடுத்து ஒருவர் கேட்டார். கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும்போது யாருக்கு என்று கேட்டு வைப்பதில்லையே என்றார் போதகர் ஐயா. அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது.

கூட்டம் அதிக நேரம் மல்லாடியது 60,000 ரூபாய் முன்பணத்தில். அதை அடைத்துவிட்டால் குடும்பம் விடுபடும் என்றார் ஒரு கமிட்டி உறுப்பினர். முன்பணத்தைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் கட்டி வைத்தால் அது கொத்தடிமை முறை என்று 1976-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, புகாராவது கொடுக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் குடும்பம் புகார் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டது. ஊரில் வேறு வேலை இல்லை, இந்த ஓனர் அடிதடி ஆளும் இல்லை என்றார்கள். பணமாக அடைத்தாலும், பட்டறை வழக்கம் மாறாதவரை அடுத்த செலவுக்கு அடுத்த முன்பணம் வாங்கத்தான் நேரும் என்று பெரும்பாலோர் நினைத்தோம். கடைசியில், மருந்தின் முதல் எட்டு வாரம் அவர் தறிக்குப் போகாமல் இருப்பதற்கு வாரம் 1,500 ரூபாய், மொத்தம் 12,000, அந்தம்மாவின் பேங்க் கணக்குக்கே அனுப்புவது என்று முடிவானது. போதகர் ஐயா ஓனரைப் போய்ப் பார்த்து, உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி, இரண்டு மாதம் பிடித்தத்தை நிறுத்தி வைக்கச் சம்மதம் வாங்கினார். இது சரியான முடிவுதானா என்று எனக்கு இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்பணம் இன்றும் அப்படியேதான் நிற்கிறது.

பையையும் மாற்றினோம். அரிசிக்குப் பதில் 60 முட்டை, நிலக்கடலை, பாசிப்பயறு, பருப்பு, எண்ணெய், பால் வாங்கப் பணம். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், நோயாளி வீட்டில் உள்ளவர்களுக்கும் சேர்த்துச் சத்தான உணவு கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அதனால் முட்டையை நான்கு பேருக்கும் கணக்குப் போட்டோம். துண்டுப் பிரதியை எடுத்துவிட்டோம். அதில் சிலருக்கு வருத்தம். நற்செய்தியைச் சொல்லக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இல்லாதவர் கையில் உணவோடு சேர்த்துத் திணித்தால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியில்லாமல் போகிறது.

மார்ச்: நாங்கள் செய்த பெரிய தவறு

போட்டோவில் பட்ட பாடு போதாது என்பதுபோல் அதையே வேறு விதத்தில் செய்தோம். மார்ச் 5 சாம்பல் புதன். அன்று தொடங்கி ஈஸ்டர் வரை உள்ள லெந்து என்ற நோன்பு நாட்களில் எங்கள் சபையில் தினமும் மாலை ஜெபக்கூட்டம் உண்டு. ஜெபக் குறிப்புகளை வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். இரண்டாம் வாரக் குறிப்பில், "காசநோயால் அவதிப்படும் பள்ளிபாளையம் தறிக் குடும்பத்துக்காக" என்று ஊர், தொழில், நோய் மூன்றும் வந்துவிட்டது. பெயர் இல்லை. பெயர் தேவைப்படவும் இல்லை. டிசம்பரில் ஃப்ளெக்ஸ் பார்த்தவர்களுக்கு முகம் தெரியும்.

நான்காம் நாள் லைன் வீட்டு ஓனர் வந்து, மாதக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். மற்ற வாடகைக்காரர்கள் பயப்படுகிறார்கள் என்றார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் மட்டும் அந்தம்மாவிடம், "பெருந்துறைக்குப் போனவிய எத்தனையோ பேரு திரும்பி வரல கண்ணு, நீயாச்சும் நல்லபடியாப் பாத்துக்க" என்று சொல்லி, பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டாராம். நர்ஸ் அக்கா போய் வீட்டு ஓனரிடம் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தார். தட்டிலும் டம்ளரிலும் இது பரவாது, மருந்து ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்றெல்லாம் சொல்லியும் அவர் மனம் மாறவில்லை.

மார்ச் கடைசியில் வேறு தெருவில் வீடு கிடைத்தது. வாடகை 700 ரூபாய் கூடுதல். அட்வான்ஸை நாங்கள் கொடுத்தோம். அந்தக் குடும்பத்துக்கு வந்திருக்கவே வேண்டாத ஒரு செலவை எங்கள் ஜெபக் குறிப்பு உண்டாக்கியது. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

ஒன்பது நாள்

மருந்து ஆரம்பித்ததிலிருந்து கண்டக்டர் அண்ணன் புதன், சனி இரண்டு நாளும் பாலத்தைத் தாண்டிப் போய்வந்தார். போய் உபதேசம் எதுவும் பண்ண மாட்டார். முக்குக் கடையில் இரண்டு டீ, பழைய பஸ் ரூட் கதை, அப்புறம் திரும்பிவிடுவார். வீடு மாறிய வாரம் அண்ணனுக்கே காய்ச்சல், இரண்டு முறை போக முடியவில்லை. வேறு யாரும் அவருக்குப் பதிலாகப் போகவில்லை.

ஏப்ரல் 5 சனிக்கிழமை அவர் போனபோது, தகரப் பெட்டிக்கு அடியில் மாத்திரை அட்டையின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். எடுத்து எண்ணினார். ஓர் அட்டைக்கு 28 மாத்திரை. ஒன்றுகூடக் கிழியாமல் இருந்தது. நாளுக்கு மூன்று என்றால் ஒன்பது நாள் கணக்கு. அண்ணன் எதுவும் பேசாமல் அட்டையை அவர் கையில் வைத்துவிட்டு, "டீ குடிச்சுட்டு வரலாம் வாங்க தம்பி" என்று கூட்டிப்போனார். கடையில்தான் எல்லாம் வெளியே வந்தது. வீடு மாற்றும் அலைச்சலில் முதல் இரண்டு நாள் விட்டுப்போனது. பிறகு, பசி திரும்பியிருந்தது, இருமல் அடங்கியிருந்தது, குணமாகிவிட்டது போல் தோன்றியது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டல். சிறுநீர் சிவப்பாகப் போனதை ரத்தம் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தார். வாடகை கூடியதால், எட்டு வாரம் முடியும் முன்பே ராத்திரி ஷிப்டுக்கும் போக ஆரம்பித்திருந்தார்.

சிறுநீர் நிறம் மாறுவது ரிஃபாம்பிசின் மாத்திரையால்தான், அதில் பயம் இல்லை. முதல் நாளே ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம், அந்தக் கூட்டத்தில் அவர் காதில் விழாமலும் போயிருக்கலாம். கூடப் போன நாங்கள் இரண்டாம் முறை சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே காசநோய்ப் பிரிவுப் பணியாளருக்குப் போன் செய்தோம். விட்ட ஒன்பது நாளையும் சேர்த்து முடிக்கச் சொன்னார்கள். குமட்டல் இருந்தால் லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும் என்றார்கள். சாயந்திரம் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் மாத்திரை நேரம் ஆனது. அந்தச் சின்னப் பெண் சுவரில் கரியால் கோடு போட்டுக் கணக்கு வைத்தாள்.

முடிவு

மே முதல் வாரம் எடுத்த சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. எடை 43 கிலோ. வீட்டில் மற்ற மூன்று பேருக்கும் நோய் இல்லை என்று பார்த்து, தடுப்பு மருந்து கொடுத்தார்கள். ஊட்டச்சத்துக்காக அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அவர் பேங்க் கணக்கில் ஆதார் இணையாததால் பணம் வரவில்லை. அதற்கு ஒரு நாள் பேங்க்கில் கூடப் போய் நின்றோம். மொத்தமும் பிறகு வந்து சேர்ந்தது. ஜூனில் அவருக்குப் பகல் ஷிப்ட் கொடுக்க ஓனர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தம்மா ராத்திரி ஷிப்டுக்கு மாற வேண்டியதாயிற்று. ஆகஸ்டு 26-ல் மருந்து முடிந்தது. கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. எடை 48 கிலோ.

இந்த ஆறு மாதத்தில் அந்த வீட்டில் நாங்கள் ஜெபித்தது ஒரே முறை. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று அந்தம்மாவே கண்டக்டர் அண்ணனிடம், "ஒரு வார்த்தை உங்க சாமிகிட்டச் சொல்லுங்கண்ணா" என்று கேட்டார். அண்ணன் நின்றபடி கண்ணை மூடி இரண்டு நிமிடம் ஜெபித்துவிட்டுப் பாலைக் குடித்தார்.

என்ன மாற்றியிருக்கிறோம்

போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டோம். கணக்கை எண்ணிக்கையாக மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். ஜெபக் குறிப்பில் எங்கள் குழு வழியாக வரும் யாருடைய ஊரும் தொழிலும் நோயும் வராது. "உதவிப் பணியில் உள்ள குடும்பங்களுக்காக" என்று ஒரே வரி.

பை வாங்குகிறவர்களை 40-லிருந்து 24 ஆகக் குறைத்தோம். இதில் சபைக்குள் மனஸ்தாபம் உண்டு, நிறுத்தப்பட்ட குடும்பங்களுக்கும் வருத்தம் உண்டு. ஆனால் வீட்டுக்குப் போகிற ஆள் எங்களிடம் எட்டுப் பேர்தான். ஆளுக்கு மூன்று வீடு. அதற்கு மேல் போனால் மறுபடி வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற வேலையாகிவிடும். ஒவ்வொருவருக்கும் மாற்று ஆள் ஒருவரை எழுதி வைத்திருக்கிறோம், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் போக வேண்டும். நர்ஸ் அக்கா பாடகர் குழுவை விட்டு வரவில்லை, வரவும் வேண்டாம். மாதம் ஒரு மாலை எட்டுப் பேரையும் உட்காரவைத்து, இருமல், எடை, பிள்ளைகளின் சாப்பாடு, தவணை என்று ஒவ்வொரு வீடாகக் கேட்கிறார்.

நோட்டில் டிக் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்திருக்கிறேன். ஒரு முறை "வரவில்லை" என்று எழுதினால், ஏழு நாளுக்குள் யார் போய்ப் பார்த்தது என்று அதில் எழுத வேண்டும்.

முன்பணப் பிரச்சினைக்கு எங்களிடம் இன்னும் வழி இல்லை. அந்தத் தெருவிலேயே இன்னும் பதினொரு குடும்பங்கள் அதே நிலையில் இருக்கின்றன. சட்ட உதவி செய்யும் ஒரு வக்கீலோடு பேச்சு நடக்கிறது.

மருந்து முடிந்த பிறகும் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முதலாவது 2026 பிப்ரவரியில். கண்டக்டர் அண்ணன் வீட்டு நாள்காட்டியில் அந்த நான்கு தேதிகளும் எழுதி ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமை டீக்கு அவர் இன்னும் பாலம் தாண்டிப் போய்வருகிறார்.